சோறும் பூட்டும்: கல்லூரி விடுதிகளின் அரசியல் குறித்துச் சில விவாதக் குறிப்புகள்

1

2025 ஜூலை 7ஆம் நாள் தமிழக அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், சிறுபான்மையினர் ஆகியோருக்கான நலத்துறைகள் நடத்திவரும் மாணவர் விடுதிகள் யாவும் இனி ‘சமூகநீதி விடுதிகள்’ என்றே அழைக்கப்படும் என்பது அறிவிப்பு. பள்ளி, கல்லூரி இரண்டும் சேர்த்து 2,739 விடுதிகள். தங்கிப் படிப்போர் 1,79,568 பேர் என்று கணக்கும் சொல்லப்பட்டது. பலகையிலிருந்து சாதியின் பெயர் இறங்கியது. புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ‘எஸ்.சி. ஹாஸ்டல் எங்கண்ணே இருக்கு?’ என்று கேட்டுத்தான் வழி தெரிந்துகொள்ள வேண்டும், கேட்ட மாத்திரத்தில் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளவும் வேண்டும் என்றிருந்த பிள்ளைக்கு இது சின்ன விஷயம் அல்ல. இதைக் கேலி செய்வது இக்கட்டுரையின் நோக்கமும் அல்ல.

ஆனால் இந்தப் பெயர்மாற்றத்தில் பெரும்பாலோர் கவனிக்காமல் விட்ட இன்னொரு சொல் உண்டு. சாதிப் பெயரோடு சேர்ந்து ‘நலம்’ என்ற சொல்லும் பலகையிலிருந்து போய்விட்டது. அந்த இடத்தில் ‘நீதி’ வந்து உட்கார்ந்திருக்கிறது. நலம் என்பது ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது. செய்பவர் மேலே, பெறுபவர் கீழே. எவ்வளவு செய்வது, எப்போது செய்வது, யாருக்கு நிறுத்துவது என்பதெல்லாம் செய்பவர் கையில். பெற்றுக்கொண்டவர் நன்றியோடு இருக்க வேண்டும். நீதி அப்படியல்ல. அது கிடைக்காதவர் கேட்கலாம், கணக்குப் பார்க்கலாம், தெருவுக்கு வரலாம், கோர்ட்டுக்கும் போகலாம். சொல் மாறிவிட்டது, விடுதிக்குள்ளே இந்த உறவு மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. 

மாறவில்லை என்பது என் வாதம். இன்றைய கல்லூரி வளாகத்தில் ‘மாணவர் நலன்’ என்ற சொல்லாடல் இரண்டு கைகளால் வேலை செய்கிறது. ஒரு கை சோறு போடுகிறது, அதைக் கருணையாகப் போடுகிறது. இன்னொரு கை பூட்டுப் போடுகிறது, அதைப் பாதுகாப்பு என்று சொல்லிப் போடுகிறது. இவ்விரண்டு கைகளும் ஒரே உடம்பைச் சேர்ந்தவை என்பதைப் பார்க்கத் தவறினால், விடுதிப் போராட்டம் ஒவ்வொன்றும் ‘சாம்பார்ல தண்ணி’ என்ற புகாராகவே முடிந்துபோகும்.

2

விடுதி என்பது கல்விக்கு வெளியே உள்ள சில்லறை விவகாரம் என்பதாக ஒரு பொதுப்புத்தி இங்கே நிலவுகிறது. பாடத்திட்டம் பற்றிப் பேசுவது அறிவுஜீவித்தனம். கக்கூஸ் பற்றிப் பேசுவது வார்டன் வேலை. வரலாறு வேறுவிதமாக இருக்கிறது.

திராவிட இயக்கத்தின் தொடக்கக் கதையைச் சொல்பவர்கள் அறிக்கைகளையும் மாநாடுகளையும் தேர்தல்களையும் சொல்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு விடுதி இருக்கிறது. படிப்பதற்காகச் சென்னைக்கு வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்கவும் சாப்பிடவும் இடம் கிடைக்காத நிலையில் 1910களில் டாக்டர் சி. நடேச முதலியார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லத்தைத் தொடங்கினார். கல்லூரியில் சேர்ந்துவிட்டான், ராத்திரி எங்கே படுப்பான், யார் வீட்டுத் திண்ணையில், யார் போடும் சோற்றைத் தின்பான் என்ற கேள்வியிலிருந்து ஓர் அரசியல் கிளம்பியது. அதே காலத்தில் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி மட்டும் போதாது, உண்டு உறங்கும் இடமும் வேண்டும் என்ற தெளிவு அதில் இருந்தது. மராத்தியப் பகுதியில் கோலாப்பூரின் சாகு மகாராஜா 1901இலிருந்தே சமூகவாரியாக விடுதிகளைத் திறந்துவந்தார். அம்பேத்கர் 1924இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவின் முதல் வேலைகளில் ஒன்று, 1925இல் சோலாப்பூரில் திறந்த மாணவர் விடுதி.

இவர்கள் யாரும் விடுதியை ஒரு தர்மகாரியமாகப் பார்க்கவில்லை. சாதி எங்கே வேலை செய்கிறதோ அங்கே கைவைத்தார்கள். வகுப்பறையில் பக்கத்தில் உட்காரச் சட்டம் போடலாம்; பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட, ஒரே குடத்தில் தண்ணீர் மொள்ள, பக்கத்துக் கட்டிலில் தூங்க என்று வரும்போதுதான் சாதி தன் முகத்தைக் காட்டும். சேரன்மாதேவி குருகுலச் சர்ச்சையை (1924–25) நினைத்துப் பார்க்கலாம். அங்கே பாடத்தைப் பற்றியா சண்டை வந்தது? இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறு போட்டதைப் பற்றித்தானே வந்தது. தமிழகத்தின் அரசியல் திசையை மாற்றிய நிகழ்வுகளில் ஒன்று ஒரு விடுதியின் சாப்பாட்டுப் பந்தியில் நடந்தது என்பதை மறந்துவிட்டு, மெஸ் விவகாரம் அரசியல் இல்லை என்று எப்படிச் சொல்வது?

பிந்தைய காலத்தில் இயக்கங்களின் கவனம் முழுக்க வாசலுக்குப் போனது. இடஒதுக்கீடு, நுழைவுத்தேர்வு, கட்டணம். அவை வேண்டிய போராட்டங்கள், இன்றும் முடியாத போராட்டங்கள். அதன் பயனும் கண்ணுக்குத் தெரிகிறது. 2021–22ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்திய அளவில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 ஆக இருந்தபோது தமிழகத்தில் 47. வாசல் திறந்தது. உள்ளே வந்தவன், வந்தவள் என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்த்தார்கள் என்ற கேள்வி அதிகாரிகளின் கோப்புக்குள் போய்ச் சேர்ந்தது. போராட்டம் நின்ற இடத்தில் ‘நலம்’ தொடங்கியது.

3

கணக்கிலிருந்து தொடங்கலாம். 2023இல் அரசு நலத்துறை விடுதிகளில் தங்கும் கல்லூரி மாணவர்களுக்கான மாத உணவுத்தொகை 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்த்தியதற்குப் பாராட்டு விழாவும் வேண்டியதுதான். முப்பது நாளால் வகுத்தால் நாளுக்கு 50 ரூபாய். மூன்று வேளையால் வகுத்தால் வேளைக்கு 16 ரூபாய் 67 காசு. இன்று டீக்கடையில் ஒரு டீயும் ஒரு வடையும் அதற்குள் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரிசி தனியாக வந்துவிடுகிறது என்றே வைத்துக்கொண்டாலும் பருப்பு, எண்ணெய், காய்கறி, முட்டை, கறி எல்லாம் இந்தக் காசுக்குள் வந்தாக வேண்டும். அதற்குள் வராததைத்தான் மாணவர்கள் ‘சாம்பார்ல தண்ணி’ என்கிறார்கள். தண்ணீரை ஊற்றுவது சமையல்காரர் என்று நினைத்து அவரோடு சண்டை போடுகிறார்கள். அந்தத் தண்ணீர் கோட்டையில் ஊற்றப்பட்டது.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கப்பட்ட திட்டம். 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி பி.ஏ., பி.எஸ்சி. போன்ற படிப்புகளில் விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு அதிலிருந்து வரும் கல்விப்படி ஆண்டுக்கு 6,000 ரூபாய். அதாவது மாதம் 500. சோப்பு, எண்ணெய், ஜெராக்ஸ், ரெக்கார்ட் நோட்டு, ஊருக்குப் போக பஸ் காசு, பெண் என்றால் நாப்கின் — எல்லாம் இதற்குள். அதுவும் மாதாமாதம் கைக்கு வருவதில்லை. படிப்பு ஜூன், ஜூலையில் தொடங்குகிறது. பணம் வரும்போது வரும். இடைப்பட்ட மாதங்களில் அப்பாவும் அம்மாவும் கந்துவட்டிக்காரனிடம் போய் நிற்கிறார்கள். உதவித்தொகை கடைசியில் வட்டிக்காரனுக்கு உதவுகிறது.

விடுதிக்குள் வராத மாணவர்களின் கதை இன்னும் பேசப்படாதது. தமிழகத்தில் 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் பத்தாம் வகுப்போடு முடிகிறது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கானது. பதினைந்து வயதுக்குமேல் பசிக்காது என்பது அரசின் கணக்கு போலிருக்கிறது! கிராமத்திலிருந்து காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து அரசுக் கல்லூரிக்கு வரும் பெண் என்ன சாப்பிட்டுவிட்டு வருகிறாள்? மத்தியானம் டப்பாவில் என்ன இருக்கிறது? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. இரண்டில் ஒருத்திக்கு மேல். வகுப்பில் தூங்குகிறாள், கவனம் இல்லை, ‘இதுங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது’ என்று ஓர் ஆசிரியர் சொல்லும்போது, ஒரு வேளைச் சோறு இல்லாத உடம்பு அறிவில்லாத மூளையாக மொழிபெயர்க்கப்படுகிறது. சாதியம் இப்படித்தான் தனக்கு ‘விஞ்ஞான’ ஆதாரம் தேடிக்கொள்கிறது. கழிப்பறை பற்றியும் இதையே சொல்லலாம். சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகிய பெண்கள் எத்தனை பேர், அதனால் நீர்க்கடுப்பில் துடிப்பவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கல்லூரியின் தர மதிப்பீட்டு அறிக்கையிலும் ஒரு வரி இருக்காது.

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்கு வருவோருக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. முன்பு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் திருமணத்துக்குப் போய்க்கொண்டிருந்த பணம் படிப்புக்குத் திரும்பியது ஒரு முக்கியமான நகர்வு. தாலிக்குப் பணம் தருவதும் புத்தகத்துக்குப் பணம் தருவதும் ஒன்றல்ல. ஆனால் பணத்தைக் கணக்கில் போட்டுவிட்டு மெஸ்ஸையும் கழிப்பறையையும் மருத்துவரையும் மறந்துவிடும் அபாயம் இதில் உண்டு. ஆயிரம் ரூபாயைக் கையில் வைத்திருக்கும் ஒருத்தியால் தனியாகக் கல்லூரிக்குக் கழிப்பறை கட்ட முடியாது.

காசு குறைவு என்பது பாதிக் கதை. கொடுக்கிற சோற்றோடு சேர்த்துக் கொடுக்கப்படும் பார்வை மீதிப் பாதி. பாமாவின் ‘கருக்கு’ (1992) வெளிவந்தபோது அதை வாசித்தவர்கள் அதன் மொழியைப் பற்றி நிறையப் பேசினார்கள். அதில் வரும் பள்ளி விடுதியை யாரும் அதிகம் பேசவில்லை. ஏழைப் பிள்ளைகள், சேரிப் பிள்ளைகள் வீட்டில் ஒன்றுமில்லாமல் கிடந்துவிட்டு இங்கே வந்து தின்று கொழுக்கிறார்கள் என்று விடுதிப் பொறுப்பாளரான கன்னியாஸ்திரீ எல்லார் முன்னிலையிலும் குத்திக்காட்டுவதை பாமா எழுதியிருக்கிறார். கல்லூரிப் பிரிவு விழாவுக்கு உடுத்திப் போக நல்ல சேலை இல்லாமல் விழா முடியும்வரை குளியலறையில் ஒளிந்துகொண்டதையும் எழுதியிருக்கிறார். சோறு கிடைக்கிறது, அந்தச் சோறே குற்றச்சாட்டாகவும் மாறுகிறது. உடம்பு தேறினால் அதுவும் குற்றம். கருணையின் பொருளாதாரம் இது. வாங்கியவர் உடம்பின்மீது கொடுத்தவருக்கு நிரந்தரமான ஒரு பாத்தியதை வந்துவிடுகிறது. ‘சோறு போட்டாச்சு, தங்க எடம் குடுத்தாச்சு, அப்புறம் என்ன போராட்டம் வேண்டிக்கெடக்கு?’ என்று விடுதி மாணவர்கள் சாலைமறியல் செய்யும் ஒவ்வொரு முறையும் ஊர் கேட்கிறதே, அந்தக் குரலும் பாமா எழுதிய கன்னியாஸ்திரீயின் குரலும் ஒன்றுதான்.

4

இனிப் பூட்டு.

‘பாதுகாப்பு’ என்ற சொல் கல்லூரி நிர்வாகத்தின் வாயில் வரும்போது அதற்கு முதல் பொருள் கேட். பெண்கள் விடுதி என்றால் சாயங்காலம் ஆறு அல்லது ஆறரைக்குள் உள்ளே. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. ஊருக்குப் போக அப்பாவின் கடிதம், அப்பா இல்லாவிட்டால் கார்டியன். நூலகம் எட்டு மணிவரை திறந்திருக்கும், அது ஆண்களுக்கு. ஆபத்து வெளியே இருக்கிறது என்றால் வெளியே இருப்பவனை அல்லவா கட்டிப்போட வேண்டும்? ஆபத்துக்கு ஆளாகக் கூடியவளைப் பூட்டி வைப்பது எந்த ஊர் நியாயம்? 2015இல் டெல்லியில் ‘பிஞ்ரா தோட்’ என்ற பெயரில், கூண்டை உடை என்று, மாணவிகள் திரண்டு கேட்டது இந்தக் கேள்வியைத்தான். சிறை, பள்ளி, மருத்துவமனை, ராணுவ முகாம் எல்லாம் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதைப் பற்றி ஃபூக்கோ எழுதியதை வாசித்தவர்கள் பெண்கள் விடுதியின் நேர அட்டவணையையும் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

பூட்டு பாதுகாக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2024 டிசம்பர் 23ஆம் தேதி இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திற்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். செய்தவன் வெளியாள், வளாகத்தின் மதிலும் காவலும் கேமராவும் அவனைத் தடுக்கவில்லை. அவர் துணிந்து புகார் கொடுத்தார். கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை அவரது அடையாள விவரங்களோடு வெளியே கசிந்தது. அறிக்கை எழுதப்பட்ட விதமே பாதிக்கப்பட்டவரைக் குறைசொல்வதாக இருக்கிறது என்று சென்னை உயர்நீதிமன்றம் கண்டித்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. 2025 ஜூனில் குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனை கிடைத்தது. தண்டனை விரைவாக வந்தது நல்லது. ஆனால் இடையில் நடந்த சொல்லாடலைக் கவனியுங்கள். ‘அந்த நேரத்துல அங்க என்ன வேலை?’ டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம்வரை இந்தக் கேள்வி சுற்றிவந்தது. பூட்டின் தர்க்கம் இதுதான். பூட்டுக்கு வெளியே நடந்தால் அவள் தப்பு. பூட்டுக்கு உள்ளே நடந்தால் அப்போதும் அவள் தப்பு.

பாதுகாப்புக்கு இரண்டாம் பொருள், இடத்தைக் காலி செய்வது. 2008 நவம்பர் 12 அன்று சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் மாணவர்கள் சாதியாகப் பிரிந்து மோதிக்கொண்டதையும், போலீசார் நின்று வேடிக்கை பார்த்ததையும் தமிழகமே தொலைக்காட்சியில் பார்த்தது. விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. தீர்வு என்னவென்றால் கல்லூரியை நகரத்தைவிட்டே எடுப்பது. மாணவர்கள் போராடியும் கேட்காமல் 2018இல் அது புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் போனது. உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், வழக்குகளைப் பார்த்தபடி, பகுதிநேர வேலை செய்தபடி படித்துக்கொண்டிருந்த ஏழை மாணவனுக்கு அந்த இடம் எவ்வளவு முக்கியம்! சாதி வளாகத்தை விட்டுப் போகவில்லை. வளாகம் நகரத்தை விட்டுப் போயிற்று.

மூன்றாம் பொருள், ஆளை வெளியேற்றுவது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து ஆய்வு மாணவர்களுக்குத் தண்டனையாக எது பறிக்கப்பட்டது? படிப்பு அல்ல, விடுதி. 2016 ஜனவரியில் அவர்கள் வளாகத்துக்குள் திறந்தவெளியில் கூடாரம் போட்டுப் படுத்தார்கள். அதற்கு ‘வெலிவாடா’, அதாவது சேரி, என்று பெயரும் வைத்தார்கள். ஊர்விலக்கம் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் வைத்த பெயர் அது. ரோஹித் வெமுலாவின் உதவித்தொகை பல மாதங்களாக நின்றுபோயிருந்தது. ஜனவரி 17 அன்று அவர் இறந்தார். அறை, சோறு, உதவித்தொகை ஆகிய மூன்றையும் ‘நலன்’ என்று சொல்லிக் கொடுக்கும் நிறுவனம், அதே மூன்றையும் ஆயுதமாகவும் வைத்திருக்கிறது.

இங்கே மனநலம் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். உச்சநீதிமன்றம் 2025 மார்ச்சில் முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைக்கும் அளவுக்கு நிலைமை வந்துவிட்டது. நிறுவனங்களின் எதிர்வினை என்ன? பெங்களூரின் புகழ்பெற்ற அறிவியல் நிறுவனம் 2021இல் விடுதி அறைகளின் கூரை மின்விசிறிகளைக் கழற்றத் தொடங்கியது. கோட்டா நகர நிர்வாகம் 2023இல் மின்விசிறிகளின் அமைப்பை மாற்ற உத்தரவிட்டது. ஓர் உயிர் அதனால் தப்பினாலும் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் விசிறியைத் திருத்தியவர்கள் கட்டணத்தை, தேர்வை, ஆய்வு வழிகாட்டியின் அதிகாரத்தை, சாதி வசவை, வராத உதவித்தொகையைத் திருத்தினார்களா? வாரம் ஒருமுறை கவுன்சலிங், யோகா, ‘மூச்ச நல்லா இழுத்து விடுப்பா’. கடன்காரன் போனில் அழைத்துக்கொண்டிருக்கும்போது மூச்சை எப்படி இழுத்து விடுவது? நிறுவனத்தின் நோய் மாணவரின் மனநோயாகப் பெயர் மாற்றப்படுகிறது. ஆலோசகர் வேண்டாம் என்பதல்ல இதற்குப் பொருள். ஆலோசகரிடம் சொல்லப்படுவது நிர்வாகத்துக்குப் போகாமல் இருக்க வேண்டும். நிர்வாகத்தின்மேல் புகார் சொல்லவும் அங்கே இடம் இருக்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் அவருக்குச் சம்பளமும் தனி அறையும் வேண்டும்.

5

இவ்வளவு சொன்னபின் ஓர் எளிய முடிவுக்கு வந்துவிடலாம்: நிர்வாகத்தை விலக்கு, மாணவர் கையில் கொடு, எல்லாம் சரியாகும். அப்படி ஆகாது. இக்கட்டுரையின் வாதத்துக்கு எதிராகப் பேசும் உதாரணங்களையும் பார்க்காமல் விட முடியாது.

1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டார். அவருடைய தந்தை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். கொன்றவர் வார்டன் அல்ல, சீனியர் மாணவர். அதன் தொடர்ச்சியாக 1997இல் தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்த வழக்கில் கீழ்நீதிமன்றம் கொடுத்த ஆயுள் தண்டனையை உயர்நீதிமன்றம் 2001இல் ரத்துசெய்ய, உச்சநீதிமன்றம் 2011இல் மீண்டும் உறுதிசெய்தது. துணைவேந்தர் மகனுக்கே இந்தக் கதி என்றால், கேட்க நாதியில்லாத பிள்ளைகள் எத்தனை பேர் பாதியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள்? ராகிங்கை இளைஞர் வக்கிரம் என்று சட்டம் புரிந்துகொள்கிறது. விடுதியின் அன்றாட நிர்வாகத்தையே சீனியர்கள் கையில் விட்டுவிட்டு, ஜூனியர்கள் அடங்கி நடப்பதன் பலனை நிர்வாகமும் அனுபவித்துவந்தது என்ற பக்கத்தைச் சட்டம் பார்க்கவில்லை.

இன்னொன்று அண்மைக்காலத்தது. 2023இல் மும்பை ஐ.ஐ.டி.யில் விடுதி மெஸ்ஸின் ஆறு மேசைகள் சைவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. ஒதுக்கியது மெஸ் கவுன்சில். அதை எதிர்த்து அந்த மேசையிலேயே உட்கார்ந்து கறி சாப்பிட்ட மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். சேரன்மாதேவிக்கும் இதற்கும் நூறு வருஷ இடைவெளி. அப்போது பெற்றோரின் விருப்பம் என்றார்கள். இப்போது உணவுத் தேர்வின் சுதந்திரம் என்கிறார்கள். சொல் நவீனமாகிவிட்டது, பந்தி அதே பந்தி. ஆக, ‘மாணவர்’ என்ற ஒற்றை வகைமையே சந்தேகத்துக்குரியது. சாதி, பால், வர்க்கம், சீனியர்–ஜூனியர் என்று பிளவுண்ட ஒரு கூட்டத்தின் பெரும்பான்மை முடிவு தானாகவே ஜனநாயகம் ஆகிவிடாது.

எனவே கோரிக்கை இரண்டு திசைகளில் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒன்று, எது யாராலும், எந்தக் கமிட்டியின் பெரும்பான்மையாலும், எந்த ஒழுங்கு நடவடிக்கையாலும் பறிக்க முடியாதது என்பதை வரையறுப்பது: மூன்று வேளைச் சோறு, ஒரு கட்டில், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தண்ணீர், வாரத்தில் இத்தனை நாள் வந்தே தீர வேண்டிய மருத்துவர், யாருக்கும் தனிப்பந்தி இல்லாத உணவுக்கூடம். ஒரு மாணவர் எந்தக் குற்றம் செய்தாலும் விசாரணை முடியும்வரை இவை நிற்கக் கூடாது. விடுமுறைக்கு விடுதியை மூடிவிட்டு ‘ஊருக்குப் போ’ என்று சொல்வதும் கூடாது. திரும்பிப் போக வீடே இல்லாதவர்கள், திரும்பிப் போனால் கல்யாணம் செய்துவைக்கப்படுபவர்கள் அங்கே இருக்கிறார்கள். சத்துணவு பத்தாம் வகுப்பைத் தாண்டி அரசுக் கல்லூரிக்கும் வர வேண்டும். பூட்டும் நேரம் என்று ஒன்று இருந்தால் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. இன்று எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை கிலோ பருப்பு, என்ன விலை என்று உணவுக்கூடச் சுவரில் தினமும் எழுதிப்போடுவது. சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் கருணையைக் கணக்குக் கேட்க முடியாது. கணக்குக் கேட்க ஆரம்பித்த நாளில் அது கருணையாக இருக்க முடியாது. இதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் தொடர்பான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள், மாணவர் சம்பந்தப்பட்ட விவகாரங்களில் உள்விசாரணைக் குழுவில் மூன்று மாணவப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்கின்றன. மாணவர் பேரவைத் தேர்தலே நடக்காத நம்மூர்க் கல்லூரிகளில் யார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? உங்கள் ஊர்க் கல்லூரியில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. தமிழில் கல்லூரி என்றால் காதல். விடுதி என்றால் நகைச்சுவை. மெஸ் சாப்பாட்டுக்கு ஒரு ஜோக், வார்டனுக்கு ஒரு பட்டப்பெயர், அதோடு சரி. பசியோடு படித்தவர்கள் எழுத வந்தபோது மட்டுமே அந்தச் சுவர் கொஞ்சம் உடைந்தது. சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைக்கப்பட்ட இடங்களில் இன்று இரவு ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படுக்கிறார்கள். அவர்கள் எழுதப்போவதற்காகக் காத்திருப்பது ஒரு வழி. அதற்கு முன்பு, பக்கத்து ஊர் விடுதிக்குப் போய் சுவரில் அந்தக் கணக்குப் பலகையை மாட்டச் சொல்லி அவர்களோடு நிற்பது இன்னொரு வழி. பெயர்ப்பலகை மாட்டிய ஆணிக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் ஆணி அடிக்க இடம் இருக்கும்.